முதல் கன்ட்ரோலர் வீட்டுக்கு

மிங்கோ அபுவான் என் தம்பி கிளெட்டோவைத் திருடன் என்று சொல்லியிருந்தால் அவன் வீட்டு வாசலுக்கே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. "கிளெட்டோ நல்லாத்தான் ஆடுவான், பாவம்" என்றான். இறந்துபோன ஒருவனைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல இவன் யார்?

அதையும் நேரில் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன், இப்போது தன் அறையில் உட்கார்ந்து பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் பேசி வீடியோ போடுகிறான். கிளெட்டோவின் மனைவி சலூத்தான் அதைக் கொண்டுவந்து காட்டினாள். காலைச் சாப்பாட்டு நேரம். பூண்டு சோறும் புகைமீனும் தட்டில் இருந்தன.

"கூயா, முதல்ல சாப்பிட்டு முடிங்க. அப்புறம் பாருங்க" என்றாள். கூயா என்றால் அண்ணன். கணவனின் அண்ணன் என்பதால் அவளுக்கும் நான் கூயாதான்.

"காட்டு."

"கோவப்படக் கூடாது."

"காட்டுன்னு சொன்னேன்."

மூன்று பழைய கூடைப்பந்து ஆட்டங்களை வரிசையாக வைத்து, எது ஆட நன்றாக இருக்கிறது, எது கைக்குப் படிகிறது, எது கண்ணுக்கு அழகு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்றும் எங்கள் வீட்டு முன்னறையில் அவன் ஆடிப் பழகியவை. அந்த நாளில் எங்கள் ஊர் ரொசாரியோவில், எங்கள் தெருவுக்கு விளையாட்டுக் கடை என்றால் அது திமாரானன் குடும்பமான எங்கள் வீட்டு முன்னறை. நான்கு டிவி, எட்டு நாற்காலி, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கும் கூட்டம். வந்த கேசட்டுகளில் பாதிக்கு மேலே ஒட்டுத்தாளே இருக்காது. நாங்களாகப் பெயர் வைத்துக்கொண்டோம். மஞ்சள் கேசட், இருவர் ஆட்டம், டிஸ்க் ஆட்டம்.

இருவர் ஆட்டத்தைப் பற்றி அவன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பக்கத்துக்கு இரண்டே பேர், பூசணிக்காய் மாதிரித் தலை, குதித்தால் கூரையைத் தொடுவார்கள், பந்தில் தீப்பிடிக்கும். திருவிழாக் கூட்டத்துக்கு அது சரி. கூடைப்பந்து தெரிந்தவன் பத்து நிமிடத்துக்கு மேல் ஆட மாட்டான். டிஸ்க் ஆட்டத்தைத்தான் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினான். வியர்வை தெரிகிறதாம், கோட்டுப் போட்ட பயிற்சியாளர் ஓரத்தில் நின்று கத்துகிறாராம், வர்ணனை கேட்கிறதாம். கேட்கும்தான். ஆனால் பந்தை எறிய பட்டனை அமுக்கினால், அந்த ஆள் முழங்காலை மடக்கி, நிமிர்ந்து, யோசித்து, பிறகுதான் எறிவான். அதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம்.

மஞ்சள் கேசட்டில் முகம் கிடையாது. ஆட்கள் கட்டைவிரல் உயரம். பார்வையாளர் கூட்டம் என்பது நீலப் புள்ளிகள். ஆனால் நினைத்த நொடியில் பந்து கையைவிட்டுப் போகும். கடவுள் சத்தியமாக அதைப்போல் கைக்குப் பணிந்த ஆட்டம் பிறகு வரவில்லை. மிங்கோவும் அதையே சொன்னான். சொல்லிவிட்டு, "ஆனா ஒரு குறை இருக்கு" என்றான்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பட்டனை அமுக்கினா, மஞ்சள் கேசட் பந்தை முதல் கன்ட்ரோலருக்குத்தான் குடுக்கும். எப்பவும். திமாரானன் வீட்டுல முதல் கன்ட்ரோலர் யாரு கையில இருக்கும்னு நம்ம தெருவுக்கே தெரியும். தொண்ணூத்தெட்டு ஃபைனல்ல ஒரே ஒரு பாயின்ட்ல தோத்தேன். கிளெட்டோ நல்லாத்தான் ஆடுவான், பாவம். ஆனா திருவிழாக் கோப்பைக்கு அவன் பேரு இருக்கணுமான்னு ஊரு யோசிக்கணும்."

நான் போனை மேசைமேல் வைத்தேன். வைத்த வேகத்தில் மீன் தட்டு நகர்ந்தது.

"கூயா, போன் என்னோடது" என்றாள் சலூத்.

கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளெட்டோ நெஞ்சுவலியில் இறந்த வருடமே, அவன் நினைவாக நான்தான் அதை ஆரம்பித்தேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஊர்க் கூடைப்பந்து மைதானத்தில், கூரைக்குக் கீழே, பழைய ஆட்டங்களில் போட்டி நடக்கும். சுவரில் பெரிய பலகை இருக்கிறது. 'கிளெட்டோ திமாரானன் நினைவுக் கோப்பை.' அதற்குக் கீழே, 'நிறுவியவர் எலூதெரியோ திமாரானன்.' அது நான். ஊரார் வாயில் மாங் தெர்யோ, அதாவது பெரியவர் தெர்யோ.

முதல் கன்ட்ரோலர் வீட்டுக்கு என்ற வழக்கத்தையும் நான்தான் வைத்தேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டார் வெளியாளோடு ஆடினால், வீட்டார் இடது நாற்காலி, முதல் கன்ட்ரோலர். வந்தவர் வலது நாற்காலி, இரண்டாவது கன்ட்ரோலர். மின்விசிறி வலது நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது, விருந்தாளிக்குக் காற்று வரட்டும் என்று செய்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். தொண்ணூற்றெட்டில் எங்கள் கடையில் நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கிளெட்டோவே, "கூயா, இன்னைக்கு நான் ரெண்டாவதுல உக்காரட்டா?" என்று கேட்டான். போட்டி நாளில் விளையாட்டுத்தனம் பண்ணுகிறான் என்று நினைத்தேன். "திமாரானன் தன் வீட்டுல விருந்தாளி நாற்காலியில உக்கார மாட்டான்" என்று அதட்டி, இடது நாற்காலியில் உட்கார வைத்தேன். மிங்கோவை ஒரு புள்ளியில் ஜெயித்தான். அன்று ஜெயித்த கோப்பை இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது. கிளெட்டோ உயிரோடு இருந்தவரை அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பான். அடக்கம் அவனுக்கு. நான் ஒவ்வொரு தடவையும் முன்பக்கமாகத் திருப்பி வைப்பேன்.

வீடியோ பார்த்த அன்றே சட்டை மாற்றிக்கொண்டு, ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் கேப்டன் ஒஃபெலியாவைப் பார்க்கப் போனேன். அவள் நான் வருவேன் என்று தெரிந்தே காபி போட்டு வைத்திருந்தாள். நான் தொடவில்லை.

"அந்த வீடியோவ எடுக்கச் சொல்லு."

"மாங் தெர்யோ, பாதி ஊரு பாத்துடுச்சு. இப்ப எடுத்தா மிச்சப் பாதியும் தேடிப் பாக்கும்."

"அப்போ அவனை மன்னிப்புக் கேக்கச் சொல்லு."

"எதுக்கு? கிளெட்டோ ஏமாத்துனான்னு அவன் சொல்லலையே. சனிக்கிழமை காலைல மைதானத்துல எல்லாரும் பாக்க அவன் காட்டட்டும். பொய்யின்னா அவனே மைக்குல மன்னிப்புக் கேப்பான். நெசமுன்னா, ஞாயித்துக்கிழமை போட்டிக்கு முன்னாடி பலகைல பேரை மாத்திடுவோம். ஊர்க் கோப்பைன்னு எழுதிடுவோம். யாருக்கும் மனஸ்தாபம் வேணாம்."

"என் தம்பி பேரை அழிச்சிட்டு மனஸ்தாபம் வேணாமா?"

"உக்காருங்க, மாங் தெர்யோ. காபி ஆறுது."

நான் உட்காரவில்லை.

சனிக்கிழமை வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, தோல் செருப்பு அணிந்து போனேன். மைதானத்தில் முக்கால்வாசிப் பேர் ரப்பர் செருப்பு, பனியன். வளையத்துக்குக் கீழே பெரிய டிவியை வைத்திருந்தார்கள். எங்கள் பழைய கருவியையும் மஞ்சள் கேசட்டையும் நானே துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். அவனுடைய கேசட்டில் காட்டிவிட்டுப் பிறகு கேசட் வேறு என்று யாரும் சொல்லக் கூடாது.

மிங்கோவுக்குத் தொப்பை விழுந்திருந்தது. பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாக, குனிந்து என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்ள வந்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த, மீனைப் புகைபோட்டு விற்கும் பெண்கள் 'ஓ' என்று ஒரு சத்தம் போட்டார்கள்.

"மாங் தெர்யோ, கிளெட்டோ மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவன் என் நண்பன்."

"நண்பனைப் பத்தி செத்தப்புறம்தான் பேசுவியா?"

"உயிரோட இருக்கும்போது எனக்கும் தெரியாதே. போன மாசம்தான் கண்டுபிடிச்சேன்."

அவன் ஒரு சிறு மரப்பலகை கொண்டுவந்திருந்தான். நடுவில் ஒரு சிவப்பு பட்டன். அதிலிருந்து இரண்டு கம்பி, ஒன்று முதல் கன்ட்ரோலருக்கு, மற்றது இரண்டாவதற்கு. ஒரு தடவை அமுக்கினால் இரண்டிலும் ஒரே நொடியில் விழும். ஆட்டத் தொடக்கத்தில் நடுவர் பந்தை மேலே எறியும்போது அமுக்கினான். பந்து முதல் கன்ட்ரோலர் அணிக்குப் போனது. ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கி மறுபடி அமுக்கினான். இருபது தடவை. கூட்டம் சேர்ந்து எண்ணியது. இருபதும் ஒரே பக்கம்.

"கன்ட்ரோலர்ல கோளாறு" என்றேன்.

கன்ட்ரோலர்களை இடம் மாற்றிச் சொருகினான். எது முதல் துளையில் இருந்ததோ அதற்கே பந்து. பிறகு தன் கருவியில் டிஸ்க் ஆட்டத்தைப் போட்டான். முதலாவதுக்குப் பதினொன்று, இரண்டாவதுக்கு ஒன்பது. இருவர் ஆட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பத்துப் பத்து.

"அந்த ரெண்டும் யாருகிட்டயும் ஓரவஞ்சனை பண்ணாது" என்றான். "மஞ்சள் முதல்ல முதல் ஆளைக் கேக்குது. அவன் பட்டனை அமுக்கியிருந்தா அதோட சரி, ரெண்டாவது ஆளைக் கேக்கவே கேக்காது."

"சீமாட்டி வீட்டு வேலைக்காரி மாதிரி" என்றாள் படிக்கட்டில் ஒருத்தி. "எஜமானிக்குப் போட்டுட்டு மிச்சம் இருந்தாத்தான் மத்தவங்களுக்கு."

சிரித்தார்கள். என் முதுகு சுட்டது.

"கம்பி ஆடிச்சு, பலகை ஆடிச்சு" என்றேன். "என் தம்பி மனுஷனோட ஆடினான். மனுஷன் கட்டைவிரல் ஒரே நொடியில விழாது. முன்ன பின்ன விழும். எவன் முந்துறானோ அவனுக்குத்தான் பந்து. நானே ரெண்டாவதுல உக்காந்து காட்டுறேன்."

"நீங்களா?" என்றாள் கேப்டன்.

"என் வீட்டுக் கடை. எனக்கு ஆடத் தெரியாதா?"

என்னை யாரும் ஆடிப் பார்த்ததில்லை என்பது உண்மைதான். கடை நடத்துகிறவன் வாடிக்கையாளரோடு பட்டனை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் மரியாதை இருக்காது. ஆனால் பதினான்கு வருடம் தினமும் காலையில், கடையைப் பெருக்கிவிட்டுக் கதவைத் திறக்கும் முன்னால் ஆடியிருக்கிறேன். கருவிக்கு எதிராக, தனியாக. எழுபத்தொரு வயதிலும் விரல் மறக்கவில்லை.

வலது நாற்காலியில் உட்கார்ந்தேன். மிங்கோ இடதில்.

"மாங் தெர்யோ, விருந்தாளி நாற்காலி எப்படி இருக்கு?" என்று யாரோ கத்தினார்கள். "மின்விசிறி போடட்டா?"

முதல் இரண்டு நிமிடம் நான்தான் முன்னால் இருந்தேன். மிங்கோவின் வாய் மூடிக்கொண்டது. கூட்டம் என் பக்கம் திரும்பியது. "அடி, கெழவா!" என்று மீன்காரிகள் கத்தினார்கள், அதற்கும் கோபம் வந்தது. பிறகு பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி மேலே எழுந்தது. அது எங்கே விழும், எந்த நொடியில் அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அமுக்கினேன். என் ஆள் சரியாகக் குதித்தான், கை நீண்டது. பந்து மிங்கோவின் ஆளிடம் இருந்தது.

மறுபடியும். மறுபடியும். தாமதமாக அமுக்கியபோது போனால் போகட்டும். சரியாக அமுக்கியபோதும் போனது. பத்தில் ஒன்பது பந்துக்கு இதில் பிரச்சினையே இல்லை, முந்தியவனுக்குக் கிடைத்துவிடும். இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் ஒன்றாகக் குதிக்கும் அந்தப் பத்தாவது பந்தில்தான் அது ஏமாற்றியது. கிளெட்டோவும் மிங்கோவும் நல்ல ஆட்டக்காரர்கள். எங்கள் தெருவிலேயே கை சமமான இரண்டு பேர். அவர்களுக்குப் பாதிப் பந்து அப்படித்தான் விழுந்திருக்கும். ஒரு புள்ளி. இந்த ஒரு புள்ளியை இருபத்தாறு வருடமாக நான் அலமாரியின் மேல் துடைத்து வைத்திருக்கிறேன்.

முதல் பாதி முடிந்தபோது ஏழு புள்ளி பின்னால் இருந்தேன். கன்ட்ரோலரை மடியில் வைத்தேன்.

"கிளெட்டோவுக்கு இது தெரியாதுங்க" என்றான் மிங்கோ தாழ்ந்த குரலில். "யாருக்குத் தெரியும்? விடுங்க. பேரு இருக்கட்டும், நானே கேப்டன்கிட்ட சொல்றேன்."

"உன் தயவு எனக்கு வேணாம்!"

"அவருக்குத் தெரியும்" என்றது ஒரு குரல். சலூத் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ சும்மா இரு."

"இருபத்தாறு வருஷம் சும்மாதான் இருந்தேன், கூயா. கம்பி, துளை எல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனா அந்த நாற்காலியில ஏதோ இருக்குன்னு தெரியும். கையில வேற மாதிரி இருக்குன்னு சொல்வாரு. ஃபைனலுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டாராமே, மாத்தி உக்காரட்டான்னு. நீங்க விடல. ஜெயிச்சுட்டு வந்து என்கிட்ட சொன்னாரு, 'நான் ஜெயிக்கல, நாற்காலி ஜெயிச்சுது'ன்னு. அதுக்கப்புறம் அந்தக் கேசட்ட அவரு தொட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. டிஸ்க் ஆட்டம்தான் ஆடுவான். எல்லோரையும் போல இவனும் மினுமினுப்பில் மயங்கிவிட்டான் என்று நான் திட்டியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்டயா?" என்றாள் சலூத்.

எனக்கு மிங்கோமேல் இருந்த கோபம் போய்விடவில்லை. அது இருக்கட்டும். ஆனால் அதைவிடப் பெரிய கோபம் எழுந்து நின்றது, அதை யார்மேல் போடுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. மின்விசிறியாம், விருந்தாளிக்குக் காற்றாம். என் வீட்டில் முதல் இடம் எங்களுக்குத்தான் என்று நாலு பேர் ஜன்னலில் தொங்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன். அந்த நாற்காலியில் என் தம்பியை அமுக்கி உட்கார வைத்தது என் கைதான்.

எழுந்து போய்க் கேப்டன் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்றால், பிடுங்கினேன்.

"கேட்டுக்கங்க" என்றேன். மைக் கீச்சென்று கத்தியது. "மிங்கோ அபுவான் சொன்னது நெசம். மஞ்சள் கேசட் முதல் கன்ட்ரோலர் பக்கம் சாயுது. முதல் கன்ட்ரோலர் வீட்டுக்குன்னு வழக்கம் வெச்சது நான். கிளெட்டோ இல்ல. ஃபைனல் அன்னைக்கு, ரெண்டாவதுல உக்காரட்டான்னு அவன் கேட்டான். நான் விடல. ஜெயிச்ச கோப்பையை அவன் சுவரைப் பாத்துத் திருப்பி வெச்சான். நான் அதை அடக்கம்னு நெனச்சேன். அவனுக்கு அது வெக்கம். அந்த வெக்கம் எனக்கு இருந்திருக்கணும்."

யாரும் கை தட்டவில்லை. தட்டியிருந்தால் அடித்திருப்பேன்.

"இப்போ பேரைப் பத்தி. மிங்கோ தயவுல அந்தப் பேரு இருக்க வேணாம். என் தயவுலயும் வேணாம். தோக்கறதுக்கு இடம் குடுங்கன்னு கேட்டவன் இந்தத் தெருவுல அவன் ஒருத்தன்தான். அதுக்காக இருக்கணும்னா இருக்கட்டும். அப்படி இல்லன்னா இப்பவே அழிங்க. நான் தடுக்க மாட்டேன்."

கேப்டன் மிங்கோவைப் பார்த்தாள். மிங்கோ தரையைப் பார்த்தான். "இருக்கட்டும்" என்றான். இந்த முறை அவன் பாவம் என்று சொல்லவில்லை. மீன்காரிகளில் மூத்தவள், "எழுதி வெச்சதை யாரு அழிப்பா, போங்கப்பா" என்றாள். கேப்டன் தலையாட்டினாள்.

"ஆட்டம் பாதியில நிக்குது" என்றேன் மிங்கோவிடம். "மாறி உக்காரு."

"வேணாங்க, அதான் முடிஞ்சுதே."

"மாறி உக்காருன்னு சொன்னேன்!"

மாறி உட்கார்ந்தோம். இடைவேளையில் அணிகளையும் மாற்றிக்கொள்ள மஞ்சள் கேசட் விடும், அவரவர் புள்ளி அவரவருக்கே. இரண்டாம் பாதியில் முதல் கன்ட்ரோலர் என் கையில். மேலே எழுந்த ஒவ்வொரு சமமான பந்தும், நாய்க்குட்டி மாதிரி, என் ஆளிடம் ஓடிவந்தது. அவ்வளவு சுலபம். பதினான்கு வருடம் தினமும் காலையில் நான் தனியாக ஆடியதும் இந்தத் துளையில்தான். என் கை நல்ல கை என்று நினைத்திருந்தேன். வந்து விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் பல்லைக் கடித்தேன். ஏழு புள்ளி குறைந்து சமமாகி, நான் இரண்டு முன்னால் போனதும், நேரம் இருக்கும்போதே கன்ட்ரோலரைக் கீழே வைத்து எழுந்துவிட்டேன்.

"இன்னும் நாப்பது நொடி இருக்கு, மாங் தெர்யோ" என்றான் மிங்கோ.

"அதை நீ ஆடிக்கோ. நாளையிலிருந்து பாதி ஆட்டத்துல மாறி உக்காரணும். பலகைல எழுதச் சொல்லு."

"அதுக்கு டிஸ்க் ஆட்டத்தையே வெச்சுடலாமேங்க. அதுல இந்தத் தொல்லையே இல்ல, பாக்கவும் நல்லா..."

"அந்த ஆமையையா? பந்தை எறியச் சொன்னா முழங்காலுக்கு எண்ணெய் போடறவனையா?" என்று கத்தினேன். "மஞ்சள்ல ஒரு குறைதான். அந்தக் குறையையும் பெருசாக்கினவன் நான். கேசட்டைக் குத்தம் சொல்லாத."

மிங்கோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அது அவனுக்கு நல்லது.

பலகையில் எழுத வைத்திருந்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் தூரிகையும் சுவரோரம் இருந்தன. எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினேன். விழுந்துவிடப் போகிறேன் என்று கேப்டன் ஓடிவந்தாள். சலூத் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். தம்பி பெயருக்குக் கீழே இருந்த இரண்டாவது வரியை, நிறுவியவர் என்பதிலிருந்து திமாரானன் என்பது வரை, இரண்டு பூச்சுப் பூசினேன். என் சட்டைக் கையில் பெயின்ட் பட்டது. இஸ்திரி போட்ட சட்டை. அந்தக் கோபத்தோடுதான் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் அலமாரியின் மேலிருந்த கோப்பையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.